டேங்க் கேம்... பழசு கெத்தா, புதுசு கெத்தா? 1989 முதல் இன்று வரை ஒரு ஒப்பீடு!

எதிரி டேங்க்கின் தலைக்கு மேலே ஒரு எண் மிதக்கிறது. நீங்கள் ஒரு தட்டு தட்டினால் அது 1,200-லிருந்து 850 ஆகிறது. இன்னும் மூணு தட்டு, 'பூம்!' சோழிங்கநல்லூர் சிக்னலில் ஷேர் ஆட்டோ நிற்கிற நேரத்துக்குள் பாதி யுத்தமே முடிந்துவிடும். போனில் டேங்க் கேம் ஆடுபவர்களுக்கு இது நல்லாவே தெரிந்த காட்சிதான்.

ஆனால், நிஜ டேங்க்கின் தலைக்கு மேலே எண் எதுவும் மிதக்காது. உள்ளே மூணு பேரோ நாலு பேரோ உட்கார்ந்திருப்பார்கள். வெளியே அவர்களுக்குத் தெரிவது கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் காத்திருப்புதான். இந்த நிஜத்தைத் திரைக்குக் கொண்டுவர முயல்பவைதான் 'டேங்க் சிமுலேஷன்' கேம்கள். 'பழைய கேம்கள்தான் பெஸ்ட்' என்று ஒரு கூட்டம், 'அந்தக் கட்டம் கட்டமான கிராபிக்ஸை யார் பார்ப்பா?' என்று இன்னொரு கூட்டம். ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாமா?

நமக்கும் டேங்க்குக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கு பாஸ். பெரும்பாக்கத்திலிருந்து நேர்கோடு போட்டால் 30 கிலோமீட்டருக்குள் ஆவடி. இந்தியாவின் டேங்க்குகள் பிறக்கிற ஊர் அது. 1965 டிசம்பரில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 'விஜயந்தா' வெளியே வந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பில், 105 மில்லிமீட்டர் பீரங்கியோடு வந்த டேங்க். அதன்பின் ரஷ்ய டி-72, 'அஜேயா' என்ற பெயரில் இங்கே தயாரானது. 2009-ல் ஆவடியில் தயாரான முதல் டி-90 'பீஷ்மா' ராணுவத்துக்குப் போனது. நம்ம ஆட்களே வடிவமைத்த 'அர்ஜுன்' டேங்க்கும் ஆவடிதான். அதன் புதிய வடிவமான அர்ஜுன் மார்க் 1ஏ, 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 118 டேங்க்குகளுக்கு ஆர்டரும் வந்தது.

அதனால், கேமில் நீங்கள் ஓட்டுகிற டி-72-வும் டி-90-ம் எங்கேயோ இருக்கிற வண்டிகள் இல்லை. அதே குடும்பத்து வண்டிகள் நம்ம ஊர் எலெக்ட்ரிக் ட்ரெயின் போகிற தூரத்தில் தயாரானவை. அந்த வண்டிக்குள் உட்காருபவர் உங்கள் தெரு அண்ணனாகக்கூட இருக்கலாம். ஒரு கேம் எவ்வளவு உண்மையாக இருக்கிறது என்ற கேள்வி நமக்குக் கொஞ்சம் முக்கியம்தானே?

சுருக்கமா ஒரு ஃபிளாஷ்பேக்

1980-ல் அட்டாரி நிறுவனம் 'பேட்டில்ஸோன்' என்ற ஆர்கேட் கேமை வெளியிட்டது. கறுப்புத் திரையில் பச்சைக் கோடுகள், அவ்வளவுதான். ஆனால், டேங்க்குக்குள் இருந்து எட்டிப் பார்க்கிற உணர்வை முதலில் பெரிய அளவில் கொடுத்தது அதுதான். அமெரிக்க ராணுவம் அதைப் பார்த்துவிட்டு, பிராட்லி கவச வண்டி வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு தனி மாதிரியே செய்யச் சொன்னது.

1983-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான டார்ப்பா, 'சிம்நெட்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. நிறைய டேங்க் சிமுலேட்டர்களை நெட்வொர்க்கில் இணைத்து, வீரர்களை ஒரே போர்க்களத்தில் மோதவிட்டார்கள். இன்றைய மல்டிபிளேயருக்கு அண்ணன் என்றே சொல்லலாம். கிராபிக்ஸ் ரொம்ப சுமார். தேவையில்லாத பட்டன்கள் எல்லாம் உள்ளே வெறும் படம்தான். வீரர்கள் ஒருவரோடு ஒருவர் பேசி, முடிவெடுத்து, சேர்ந்து நகரக் கற்றுக்கொண்டால் போதும் என்பதே திட்டம். இதை மனசில் வெச்சுக்கோங்க, பின்னாடி உதவும்.

1989-ல் மைக்ரோப்ரோஸ் நிறுவனத்தின் 'எம்1 டேங்க் பிளாட்டூன்' வீட்டுக் கணினிக்கு வந்தது. 1998-ல் அதன் இரண்டாம் பாகம். 2000-ல் ஈசிம் கேம்ஸின் 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்'. 2011-ல் உக்ரைனின் கிராவிடீம் உருவாக்கிய 'ஸ்டீல் ஆர்மர்: பிளேஸ் ஆஃப் வார்'. 2014-ல் 'வார் தண்டர்' கேமுக்குள் டேங்க்குகள் வந்தன. 2022 செப்டம்பரில் 'கன்னர், ஹீட், பிசி!' முன்னோட்டப் பதிப்பாக ஸ்டீமில் இறங்கியது. போன் பக்கம் 2014-ல் 'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் பிளிட்ஸ்', 2023-ல் 'வார் தண்டர் மொபைல்'.

இனி ரவுண்டு ரவுண்டாகப் போகலாம்.

ரவுண்டு 1: நீங்க யாரு?

'எம்1 டேங்க் பிளாட்டூன்' கேமில் உங்கள் கையில் நாலு டேங்க். டேங்க்குக்கு நாலு பேர் வீதம் 16 ஆட்கள். ஒவ்வொருவருக்கும் தனித் திறமை. ஒரு போரில் தப்பிப் பிழைத்தால் அனுபவம் கூடும், பதவி உயர்வு வரும். செத்துப்போனால் அந்த இடத்துக்கு ஒரு புது ஆள் வருவார், ஒண்ணும் தெரியாதவராக. அதனால் ஒரு நல்ல கன்னரை இழக்கும்போது நிஜமாகவே மனசு பதறும்.

ஆட்டத்தின் பாதி, மேப்பில்தான். எந்த மேட்டுக்குப் பின்னால் நிற்பது, எப்போது பீரங்கிப் படையைக் கூப்பிடுவது, யாரை முன்னால் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருக்க வேண்டும். மரங்கள் முக்கோணங்களாகத் தெரியும், மலைகள் ஒட்டுப்போட்ட பச்சைத் துணி மாதிரி இருக்கும். ஆனால் அந்த முக்கோணத்துக்குப் பின்னால் எதிரி இருப்பானோ என்ற பயம் மட்டும் ஒரிஜினல்.

புது கேம்களில் பெரும்பாலும் நீங்கள் ஒரே ஒரு டேங்க்கின் ஆள். 'வார் தண்டர்' கேமில் நீங்களே டிரைவர், நீங்களே கன்னர், நீங்களே கமாண்டர். 'கன்னர், ஹீட், பிசி!' உங்களை கமாண்டர், கன்னர் சீட்டில் உட்காரவைத்து, 1985-ல் பனிப்போர் நிஜப் போராக வெடித்திருந்தால் என்ற கற்பனைக் களத்தில் இறக்கிவிடும். ஒற்றை ஆள் ஆட்டம். பரபரப்பு அதிகம், மேப்பில் திட்டம் போடும் வேலை குறைவு.

தலைமை தாங்கக் கற்றுக்கொடுப்பதில் இந்த ரவுண்டு பழசுக்கே.

ரவுண்டு 2: குண்டு எப்படிப் போகுது?

இங்கேதான் கணக்கு வாத்தியார் உள்ளே வருகிறார். எதிரி 2 கிலோமீட்டர் தூரத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே ஓடுகிறான். நொடிக்கு 10 மீட்டர். உங்கள் குண்டு 'சபோ' வகை, அதாவது நீளமான உலோக அம்பு. நொடிக்கு சுமார் 1,600 மீட்டர் பறக்கும். போய்ச் சேர ஒண்ணே கால் நொடி. அதற்குள் அவன் பன்னிரண்டரை மீட்டர் நகர்ந்திருப்பான். டேங்க்கின் உடல் நீளமே சுமார் 7 மீட்டர்தான். நடுவில் குறிவைத்துச் சுட்டால் குண்டு வாலில்கூடப் படாது. அதோடு புவியீர்ப்பு வேறு. அந்த ஒண்ணே கால் நொடியில் குண்டு 7 மீட்டருக்கு மேல் கீழே இறங்கும். ரெண்டு மாடி உயரம்!

இதையெல்லாம் நிஜ டேங்க்கில் லேசர் தூரமானியும் கணினியும் பார்த்துக்கொள்ளும். கன்னர் லேசரை அடிப்பார், கணினி பீரங்கியை எவ்வளவு தூக்கணும், எவ்வளவு முன்னால் காட்டணும் என்று திருத்தும். 'ஸ்டீல் பீஸ்ட்ஸ்' இந்தச் சங்கிலியை 2000-லேயே அப்படியே கொண்டுவந்துவிட்டது. எம்1ஏ1, லெப்பர்ட் 2ஏ4 என ரெண்டு டேங்க்கின் கன்னர் சீட்டும் அச்சு அசல். வெளியான அன்றே 'கிராபிக்ஸ் பழசு' என்று திட்டு வாங்கிய கேம் அது. ஆனால் அதிலிருந்து வளர்ந்த 'ஸ்டீல் பீஸ்ட்ஸ் ப்ரோ'வை டென்மார்க், ஸ்பெயின், ஆஸ்திரேலியா போன்ற நாட்டு ராணுவங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டன. சிம்நெட் கதைதான் மறுபடியும். பார்க்க சுமார், பாடம் பக்கா.

புதியவற்றில் 'கன்னர், ஹீட், பிசி!' இந்த விஷயத்தில் செம. டேங்க்குக்கு டேங்க் குறிபார்க்கும் கருவி வேறு, அதன் குறைகளும் வேறு. மேற்கத்திய டேங்க்கில் சுலபமாகச் செய்ததைப் பழைய சோவியத் டேங்க்கில் செய்யப் போனால் திண்டாடுவீர்கள். 'வார் தண்டர்' குண்டின் பாதையை நன்றாகவே கணக்கிடும். ஆனால் எளிய முறைகளில் எதிரியின் பெயரையே திரையில் எழுதிக் காட்டிவிடும். போன் கேம்களில் பெரும்பாலும் ஆட்டோ எய்ம் இருக்கிறது. கணக்கு வாத்தியார் லீவு.

இந்த ரவுண்டு டிரா. 2000-ன் ஸ்டீல் பீஸ்ட்ஸ் போட்ட கோட்டில்தான் 2022-ன் கேம் ரோடு போட்டிருக்கிறது.

ரவுண்டு 3: அடி பட்டா என்ன ஆகும்?

இதுதான் முக்கியமான ரவுண்டு. போன் கேம்களில் பொதுவாக 'ஹெல்த்' குறையும். கடைசி ஒரு புள்ளி இருக்கிறவரை டேங்க் புது வண்டி மாதிரி ஓடும். நிஜத்தில் ஒரே குண்டு உள்ளே புகுந்தால் போதும், கதை முடிந்தது. அல்லது பத்து குண்டு பட்டும் ஒன்றும் ஆகாமலும் இருக்கலாம். எங்கே பட்டது, எந்தக் கோணத்தில், உள்ளே யார் இருந்தார் என்பதுதான் விஷயம்.

பழைய கேம்களிடம் இந்தக் கணக்கைப் போடும் கணினி சக்தி இல்லை. முன்பக்கமா, பக்கவாட்டா என்று பார்த்து, மேலோட்டமாக முடிவு சொல்லிவிடும். 'வார் தண்டர்' ஒரு படி மேலே போய் எக்ஸ்ரே காட்சி வைத்தது. குண்டு இரும்பைத் துளைத்து, சிதறி, எந்த ஆள் மேல் பட்டது, எந்தப் பாகம் போனது என்று காட்டும். 'கன்னர், ஹீட், பிசி!' கேமிலும் கவசத்தின் ஒவ்வொரு அடுக்குக்கும் கணக்கு உண்டு.

இந்தக் கணக்கு தெரிந்தால் செய்தியில் வருகிற வீடியோக்களும் புரியும். டி-72-ல் லோடர் என்ற ஆள் கிடையாது. தானியங்கி இயந்திரமே குண்டை எடுத்துப் பீரங்கியில் திணிக்கும். அதற்காக 22 குண்டுகள், வீரர்களின் காலுக்குக் கீழே ஒரு சுழல் தட்டில் வட்டமாக அடுக்கப்பட்டிருக்கும். டேங்க் சிறியதாக இருக்கும், ஆள் ஒருவர் மிச்சம். ஆனால் அந்தத் தட்டில் தீப்பிடித்தால் மேலே சுழலும் கோபுரமே பிய்த்துக்கொண்டு பறக்கும். உக்ரைன் போரில் உலகமே பார்த்த காட்சி அது. அமெரிக்க ஏப்ரம்ஸில் பெரும்பாலான குண்டுகள் கோபுரத்தின் பின்பக்கம், கதவு போட்ட தனி அறையில் இருக்கும். வெடித்தாலும் கூரைத் தகடு பிய்ந்து தீ வெளியே போகும்படி செய்திருக்கிறார்கள். குண்டு போட ஒரு லோடர் வேண்டும். அதனால் நாலு பேர்.

ஆவடியில் தயாரான அஜேயாவிலும் பீஷ்மாவிலும் மூணு பேர், காலுக்குக் கீழே அதே சுழல் தட்டு. அர்ஜுனில் நாலு பேர், கையால் குண்டு போடும் முறை. 'எது பெஸ்ட் டேங்க்?' என்று கமென்ட்டில் சண்டை போடுவதற்கு முன்னால் யோசிக்க வேண்டிய விஷயம் இது. எடை, விலை, உயரம், ஆள் உயிர் எல்லாவற்றுக்கும் இடையே ஒவ்வொரு நாடும் செய்துகொண்ட சமரசம்தான் ஒரு டேங்க்.

சந்தேகமே இல்லாமல் இந்த ரவுண்டு புதுசுக்கு.

இதன் மறுபக்கமும் ஒன்று உண்டு. 'வார் தண்டர்' ஆடும் சிலர், 'எங்க டேங்க்கைத் தப்பாக் காட்டுறீங்க' என்று நிரூபிக்க ராணுவ ரகசிய ஆவணத்தையே இணையத்தில் போட்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. 2021-ல் பிரிட்டனின் சேலஞ்சர் 2 டேங்க் விஷயத்தில் அதுதான் நடந்தது. கேம் நிறுவனம் அவற்றை நீக்கியது, பயன்படுத்தவும் மறுத்தது. வாக்குவாதத்தில் ஜெயிக்க நாட்டு ரகசியத்தை எடுத்துவிடுவது எந்த ஊரிலும் குற்றம் மக்களே!

ரவுண்டு 4: மண்ணு என்ன சொல்லுது?

அர்ஜுன் மார்க் 1ஏ-யின் எடை சுமார் 68 டன். இவ்வளவு கனம் தரையில் எப்படி நிற்கிறது? அகலமான சங்கிலிப் பட்டை எடையைப் பரப்பிவிடுகிறது. அதனால்தான் கார் சிக்கும் மணலில்கூட டேங்க் போய்விடும். ஆனால் பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலம் மாதிரியான இடத்தில் இறக்கினால்? பட்டை எவ்வளவு அகலமாக இருந்தாலும், அடியில் கெட்டியான தரை இல்லையென்றால் வண்டி வயிறு தட்டி நிற்கும்.

இது கற்பனைப் பிரச்னை இல்லை. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் சண்டையில், இந்தியப் படை வயல்களில் தண்ணீரைத் திறந்துவிட்டது. பாகிஸ்தானின் பேட்டன் டேங்க்குகள் சேற்றில் திணறின. கரும்புத் தோட்டங்களில் மறைந்திருந்த நம் வீரர்கள் பக்கவாட்டில் சுட்டார்கள். ஜீப்பில் பொருத்திய சின்னத் துப்பாக்கி பீரங்கியோடு டேங்க்குகளை வீழ்த்திய அப்துல் ஹமீது, பரம்வீர் சக்ரா விருதுக்கு உரியவர் ஆனதும் அங்கேதான். காகிதத்தில் எதிரி டேங்க்தான் நவீனமானது. மண் வேற தீர்ப்பு எழுதியது.

'எம்1 டேங்க் பிளாட்டூன்' மேடு பள்ளத்தை நன்றாகப் பயன்படுத்தவைக்கும். உடலை மேட்டுக்குப் பின்னால் மறைத்து, கோபுரம் மட்டும் தெரிய நிற்பதுதான் அதில் முதல் பாடம். 'ஸ்டீல் பீஸ்ட்ஸ் ப்ரோ'வில் மண்ணின் வகையே வேகத்தை மாற்றும், சேற்றில் சிக்கவும் செய்யும். டி-72, டி-90 ஓட்டுபவர்களுக்கு இன்னொரு தலைவலி, ரிவர்ஸ் கியர் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் அளவுதான். சாயங்கால மேடவாக்கம் ட்ராஃபிக் தோத்துடும். மேட்டில் எட்டிப் பார்த்துச் சுட்டுவிட்டு டக்கென்று பின்வாங்க முடியாது. 'வார் தண்டர்' ஆடுபவர்கள் புலம்பும் விஷயம் இது. ஆனால் அது கேமின் குறை அல்ல, நிஜமே அப்படித்தான்.

போன் கேம்களில் களம் சின்னது. முனை திரும்பினால் எதிரி. மண் வெறும் அலங்காரம். இந்த ரவுண்டில் பழசு புதுசு என்ற பேச்சே இல்லை, கம்ப்யூட்டர் கேம்கள் மொத்தமாக ஜெயிக்கின்றன.

ரவுண்டு 5: காசும் நேரமும்

பழைய கேமை ஒருமுறை வாங்கினால் முடிந்தது. ஆனால் அப்போது கூடவே ஒரு புத்தகம் வரும். டேங்க் என்றால் என்ன, எதிரி எப்படி யோசிப்பான் என்று சொல்லும் தடிமனான கையேடு. அதைப் படிக்காமல் ஆட முடியாது. விலை உங்கள் பொறுமை.

'வார் தண்டர்', 'பிளிட்ஸ்' போன்றவை இலவசம். ஆனால் பழைய டேங்க்கில் தொடங்கி நவீன டேங்க்குக்கு வர மாதக்கணக்கில் ஆட வேண்டும். பொறுமை இல்லையா? காசு கொடுத்துத் தாண்டலாம். 50 டாலரைத் தாண்டும் பேக்குகளும் கடையில் இருக்கின்றன. அந்த மெதுவான ஏணி தற்செயலாக அமைந்தது இல்லை, கடையின் வாசல்படியே அதுதான். 'ஃப்ரீதானே' என்று இறங்கி, தினம் ரெண்டு மணி நேரம், மாசம் ஒரு ரீசார்ஜ் காசு என்று போனால் வருஷக் கடைசியில் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரே விலை கொடுத்து வாங்கும் 'கன்னர், ஹீட், பிசி!' மலிவாகத் தெரியும். 'ஸ்டீல் பீஸ்ட்ஸ் ப்ரோ' மட்டும் 100 டாலருக்கு மேல் போகும். குறைந்த காலத்துக்கு வாடகை மாதிரி உரிமம் எடுத்து முயன்று பார்க்கும் வழியும் உண்டு.

சரி, யாருக்கு எது செட் ஆகும்?

* போன் மட்டும்தான் இருக்கு, பஸ்ஸில் பொழுது போகணும்: 'வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ் பிளிட்ஸ்'. ஜாலிக்கு ஓகே, பாடத்துக்கு இல்லை. எக்ஸ்ரே மாதிரி கொஞ்சம் நிஜம் வேணும்னா 'வார் தண்டர் மொபைல்'. ரெண்டிலும் கார்டு விவரத்தைச் சேமித்து வைக்காதீங்க.

* கிராபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப்: 'எம்1 டேங்க் பிளாட்டூன்'. டாஸ்பாக்ஸ் மென்பொருள் உதவியோடு எந்த லேப்டாப்பிலும் ஓடும். முதல் நாள் கையேடு, ரெண்டாம் நாள் டேங்க்.

* சுமாரான கேமிங் லேப்டாப், தனியா ஆடப் பிடிக்கும்: 'கன்னர், ஹீட், பிசி!'. இன்னும் முழுமை பெறாத முன்னோட்டப் பதிப்பாக வெளியானது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

* பொறுமை அதிகம், திட்டம் போடப் பிடிக்கும்: 'ஸ்டீல் ஆர்மர்'. டி-62, எம்60ஏ1 என்ற ரெண்டு டேங்க்கும், சண்டைக்கு முன்னால் மேப்பில் படை நகர்த்தும் ஆட்டமும். இதை உருவாக்கிய கிராவிடீம் இயங்கியது கார்கிவ் நகரில். டி-34 பிறந்த ஊர் அது. ஆவடி மாதிரியே டேங்க் தொழிற்சாலையால் பெயர் வாங்கிய ஊர். 2022-ல் நிஜ டேங்க்குகளும் ராக்கெட்டுகளும் அந்த நகரத்தையே தேடி வந்தன.

* ராணுவத்தில் சேரும் ஆசை, நிஜமாவே கத்துக்கணும்: 'ஸ்டீல் பீஸ்ட்ஸ் ப்ரோ'. அதில் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் நடந்ததை ரீவைண்ட் செய்து, எந்தக் குண்டு எங்கே போனது என்று பார்க்கலாம். ஜெயித்ததைவிடத் தோற்றதில் கற்றுக்கொள்வதுதான் அதிகம்.

ஃபைனல் ஸ்கோர்

இரும்பையும் குண்டையும் புது கேம்கள் அற்புதமாகக் கணக்கிடுகின்றன. உள்ளே இருக்கும் ஆட்களைப் பற்றிக் கவலைப்பட வைத்தவை பழைய கேம்கள். ரெண்டும் சேர்ந்து சொல்வதைத்தான் போன் கேமின் அந்த மிதக்கும் எண் மறைத்துவிடுகிறது. அதனால் எதை ஆடினாலும், அடுத்த முறை எக்ஸ்ரே காட்சியில் ஓர் உருவம் சிவப்பாக மாறும்போது ஸ்கிப் பட்டனை உடனே தட்டாமல் ஒரு நொடி பாருங்கள்.

அப்படியே, வருகிற ஜனவரி 26 டெல்லி அணிவகுப்பில் டேங்க் வரும்போது வீட்டில் ஒரு கேள்வி கேளுங்க: 'இதுக்குள்ள எத்தனை பேர் இருக்காங்க?' பீஷ்மான்னா மூணு, அர்ஜுன்னா நாலு. ஏன் என்று உங்களுக்கு இப்போ தெரியும், அதையும் சேர்த்துச் சொல்லுங்க!